கோட்டை எங்கே? அதியமான்கோட்டையின் கதை

தருமபுரியில் இருந்து சேலம் போகும் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை வரும். பெயரில் கோட்டை இருக்கிறதே என்று செஞ்சி, வேலூர் மாதிரி கருங்கல் மதிலை எதிர்பார்த்து இறங்குபவர்களுக்கு ஏமாற்றம்தான். காலபைரவர் கோயில் இருக்கிறது, சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. கோட்டையைத்தான் காணோம்!

காரணம் எளிது. அது மண்கோட்டை.

மண்கோட்டை என்றால் ஏதோ மட்டமான சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. கட்டும் முறையிலேயே ஒரு சிக்கனம் உண்டு. சுற்றிலும் அகழி தோண்டுவார்கள். தோண்டிய மண்ணை வெளியே எங்கும் கொண்டு போகாமல் உள்பக்கமே கரையாகக் குவித்து இறுக்குவார்கள். பள்ளம் ஆழமாக ஆக, மேடும் உயரும். ஒரே செலவில் இரண்டு வரவு! அகழியில் தண்ணீர், அதற்கு வெளியே முள்ளும் புதருமாகக் காவற்காடு. சங்கப் பாடல்கள் இந்தக் காவற்காட்டை 'மிளை' என்கின்றன. கல் கிடைக்காததால் மட்டும் மண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. தருமபுரி பக்கம் பாறைக்கா பஞ்சம்?

சரி, இதைக் கட்டியது யார்? யாரைக் கேட்டாலும் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி என்பார்கள். அஞ்சி வெறும் கதைப் பாத்திரம் இல்லை. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981ல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழி கல்வெட்டில் அவன் பெயரே இருக்கிறது. ஆனால் அவனுடைய தகடூரைச் சேர மன்னன் முற்றுகையிட்டு வென்றான். அதனால்தான் அந்தச் சேரனுக்குத் 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்றே பெயர். அந்தப் போருக்குப் பிறகும் அதே மதில் இரண்டாயிரம் வருடம் நின்றது என்பது நம்பும்படி இல்லை.

பலரும் மறந்துபோகும் விஷயம், அதியமான்கள் அஞ்சியோடு முடிந்துவிடவில்லை என்பதுதான். 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர்கள் தகடூரை ஆண்டார்கள். பிறகு சோழர் காலத்தில் அதியமான்கள் மறுபடியும் தலையெடுக்கிறார்கள். மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தில் வாழ்ந்த விடுகாதழகிய பெருமாள் அவர்களில் ஒருவன். போளூர் அருகே திருமலையில் எழினி என்ற பழைய சேரர் குலத்து அரசன் செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்களை இவன் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அந்த எழினியின் மரபில் வந்தவன் என்று பெருமையும் பேசிக்கொள்கிறான். தாத்தாவின் புகழில் பேரன் காணாமல் போவது நம் ஊரில் புதிதில்லை. மண்மேடும் பள்ளமுமாக மிஞ்சியதை அஞ்சி கணக்கில் எழுதுவதை விட, இந்த இடைக்கால அதியமான்கள் கணக்கில் எழுதுவதே நியாயம்.

பிறகு பீரங்கி வந்தது, ஹைதர் வந்தார், திப்பு வந்தார். 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. கலெக்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். அதன்பின் கோட்டைக்கு வேலை இல்லை. ஆளில்லாத மண்கரைக்கு மழையே எதிரி. மேட்டை அறுத்துப் பள்ளத்தை நிரப்பினால் அருமையான வயல் கிடைக்கும். அக்கவுண்டன்சியில் சொல்லும் தேய்மானம் இதுதான். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்து கடைசியில் பூஜ்ஜியம்.

கல் மட்டும் தப்பித்ததா என்றால் அதுவும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதிலை இடித்து, அந்தக் கல்லை 1836ல் கொள்ளிடத்துக் கீழணைக்குக் கொண்டு போனார்கள். ஆனால் பக்கத்திலேயே மாளிகைமேடு என்ற மண்மேடு மட்டும் அப்படியே கிடந்தது. 1980களில் அங்கே தொல்லியல் துறை தோண்டியபோது சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளியே வந்தன.