செஞ்சியும் 12 படங்களும்

நம் ஊர் புஸ்ஸி வீதிக்குப் பெயர் தந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, 1750-இல் செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் இதைப் படித்த எனக்கு, அங்குள்ள ராஜகிரி மலையைப் படமெடுக்க ஆசை.

1970-களில் என் குமாஸ்தா சம்பளத்துக்கு மாதம் ஒரு பிலிம் சுருள்தான் கட்டுப்படியாகும். அக்ஃபா கிளிக் கேமராவில் சுருளுக்கு 12 படம். புதுச்சேரியில் விடியற்காலை கிளம்பினாலும், திண்டிவனத்தில் செஞ்சி பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிடும். பாறையும் மதிலும் வெளுத்துப்போய்த்தான் படத்தில் விழும். மாலை வெயிலுக்காக நின்றால் ஊர் திரும்ப பஸ் கிடைக்காது.

காத்திருந்த நேரத்தில் மல்லாட்டை மூட்டைக்காரர்களையும் பூக்காரிகளையும் எடுத்தேன். கோட்டை இன்றும் நிற்கிறது; யாரும் போய் எடுக்கலாம். அந்த முகங்கள் என் பெட்டியில்தான் இருக்கின்றன.