விளக்கு எரிந்தால் போதுமா? பிக்கப் வண்டியில் டிரெய்லர் மின் பிரேக் இணைப்பு: அறிய வேண்டியவை

நம் நாட்டில் ‘டிரெய்லர்’ என்றதும் கொள்கலன் ஏற்றிச் செல்லும் பெரிய லோரிதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் அச்சொல் பெரும்பாலும் வேறொன்றைக் குறிக்கிறது. வீட்டுப் பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் கேரவன், படகு வண்டி, குதிரைப் பெட்டி, சாமான் பெட்டி ஆகிய எல்லாமே அங்கு டிரெய்லர்தான்.

இங்கிருந்து பெர்த்துக்கோ மெல்பர்னுக்கோ குடியேறும் குடும்பங்களுக்குப் பிக்கப் வண்டி புதிதல்ல. மலேசியச் சாலைகளில் ஓடும் ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன், டி-மேக்ஸ் ஆகியவையே அங்கும் ஓடுகின்றன. சாலையின் இடப்பக்கம் செலுத்தும் பழக்கமும் ஒன்றுதான். ஆனால், பின்னால் 2 டன் கேரவன் சேர்ந்தால் அதை நிறுத்துவது முற்றிலும் வேறு வேலை. அந்த வேலையில் பாதியைச் செய்வது டிரெய்லரின் சக்கரங்களில் உள்ள மின் பிரேக். அதை இயக்குவது பிக்கப் வண்டியிலிருந்து செல்லும் ஒரே ஒரு நீல வயர்.

எவ்வளவு எடைக்கு என்ன பிரேக்?

ஆஸ்திரேலிய விதிமுறைப்படி, முழுச் சுமையுடன் வண்டியில் மாட்டிய நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடையே கணக்கில் கொள்ளப்படுகிறது. இதனை ஜி.டி.எம். என்பர்.

• 750 கிலோ வரை: டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை.

• 750 கிலோவுக்கு மேல் 2,000 கிலோ வரை: குறைந்தது ஓர் அச்சின் இரு சக்கரங்களிலும் பிரேக் வேண்டும்.

• 2,000 கிலோவுக்கு மேல்: எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் கழன்று விட்டால் தானாகப் பிடிக்கும் ‘பிரேக்அவே’ அமைப்பும் கட்டாயம்.

அங்கு விற்பனையாகும் பல பிக்கப் வண்டிகளின் இழுவைத் திறன் 3,500 கிலோ என விளம்பரங்களில் காணலாம். அது பிரேக் உள்ள டிரெய்லருக்கான அளவு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு 750 கிலோதான் வரம்பு. நீல வயரில் மின்சாரம் வராத கேரவன், பிரேக் இல்லாத கேரவனுக்குச் சமம் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

மின் பிரேக் வேலை செய்யும் விதம்

டிரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் அதற்கு 12 வோல்ட் மின்சாரம் செல்கிறது. காந்தம் சுழலும் டிரம்மின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அதனுடன் நகர முயல்கிறது. அந்த நகர்வு ஒரு நெம்புகோலை இழுக்க, பிரேக் கட்டைகள் விரிந்து டிரம்மை அழுத்துகின்றன.

10 அங்குல, 12 அங்குல டிரம்களில் ஒவ்வொரு காந்தமும் ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். ஈரச்சு கேரவனில் 4 காந்தங்கள் இருப்பதால் மொத்தம் சுமார் 12 ஆம்பியர். மின்சாரம் குறைந்தால் காந்தத்தின் பிடி தளரும். பிடி தளர்ந்தால் நிற்கும் தூரம் நீளும்.

கட்டுப்பாட்டுக் கருவியின் 4 வயர்கள்

மின்சாரத்தை எவ்வளவு அனுப்ப வேண்டும் என முடிவு செய்வது, ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் பொருத்தப்படும் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி. சில கருவிகள் பிரேக்கை மிதித்ததும் முன்பே அமைத்த அளவில் மின்சாரம் தரும். வண்டி வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் தரும் வகையே பயன்படுத்த எளிது. பரவலாகப் புழங்கும் கருவிகளில் 4 வயர்கள் இருக்கும்.

• கறுப்பு: பேட்டரியின் நேர்முனைக்குச் செல்வது. பேட்டரிக்கு அருகிலேயே, கருவியின் கையேடு கூறும் அளவில், பொதுவாக 20 அல்லது 30 ஆம்பியரில், தானே மீளும் சர்க்கிட் பிரேக்கர் பொருத்த வேண்டும். சாதாரண ஃபியூஸ் எரிந்து போனால் பயணம் முடியும்வரை டிரெய்லருக்குப் பிரேக் இராது. தானே மீளும் பிரேக்கரில் கோளாறு விலகியதும் மின்சாரம் திரும்பும்.

• வெள்ளை: எர்த். துருவோ பெயின்டோ இல்லாத உலோகப் பரப்பில், அல்லது நேரே பேட்டரியின் எதிர்முனையில் இணைக்க வேண்டும்.

• சிவப்பு: பிரேக் மிதிக்கட்டையின் சுவிட்ச். மிதிக்கும்போது மட்டும் 12 வோல்ட் வரும் பக்கத்தில் இணைக்க வேண்டும்.

• நீலம்: டிரெய்லரின் பிரேக்குக்குச் செல்லும் மின்சாரம்.

புதிய வண்டிகளில் விளக்குகளும் சுவிட்சுகளும் கணினி வழி இயங்குகின்றன. அவற்றில் வயரை அறுத்து ஒட்டுப்போட்டால் எச்சரிக்கை விளக்குகள் எரியும். கட்டுப்பாட்டுப் பெட்டியே பழுதாகவும் கூடும். அந்த மாடலுக்கென்றே விற்கப்படும் இணைப்புத் தொகுப்பை வாங்குவதே முறை.

7 பின் பிளக்கில் எது எங்கே?

ஆஸ்திரேலியாவில் பரவலாக உள்ள 7 பின் தட்டை பிளக்கின் வரிசை இது:

1. மஞ்சள் – இடப்பக்க சிக்னல்
2. கறுப்பு – பின்னோக்கிச் செல்லும் விளக்கு
3. வெள்ளை – எர்த்
4. பச்சை – வலப்பக்க சிக்னல்
5. நீலம் – மின் பிரேக்
6. சிவப்பு – பிரேக் விளக்கு
7. பழுப்பு – பின் விளக்கு

இங்குதான் குழப்பம் நேர்கிறது. கருவியில் கறுப்பு பேட்டரிக்கு உரியது. பிளக்கில் கறுப்பு பின்னோக்கு விளக்குக்கு உரியது. இரண்டிலும் ஒரே பணியைச் செய்பவை நீலமும் வெள்ளையும் மட்டுமே. நிறத்தை மட்டும் நம்பி இணைக்காமல், ஒவ்வொரு வயரையும் மீட்டர் வைத்துச் சோதித்தே இணைக்க வேண்டும். அமெரிக்க முறை பிளக்கின் வடிவமும் வரிசையும் வேறு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கிப் பொருத்துவது பயன் தராது.

பட்டியலில் 5-ஐயும் 6-ஐயும் மீண்டும் கவனிக்கலாம். பிரேக் விளக்குக்கு ஒரு வயர், பிரேக்குக்கு வேறொரு வயர். புறப்படும் முன் ஒருவர் பின்னால் நின்று “விளக்கெல்லாம் எரியுது” என்று சொன்னாலும், நீல வயர் அறுந்திருந்தால் டிரெய்லருக்குப் பிரேக் இல்லை.

வயரின் தடிமன் ஏன் முக்கியம்?

கடையில் ‘4 மி.மீ.’, ‘6 மி.மீ.’ என விற்கப்படும் வாகன வயரின் அளவு, மேலுறையையும் சேர்த்த குறுக்களவு. உள்ளே இருக்கும் செம்பு அதைவிடக் குறைவு. ‘4 மி.மீ.’ வயரில் செம்பின் பரப்பு சுமார் 1.85 சதுர மில்லிமீட்டர், ‘6 மி.மீ.’ வயரில் சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர்.

பேட்டரியிலிருந்து கருவி வழியாக வண்டியின் பின்முனை வரை 10 மீட்டர் வயர் ஓடுவதாகக் கொள்வோம். 12 ஆம்பியர் செல்லும்போது மெல்லிய வயரில் சுமார் 1.1 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். எர்த்துக்கும் அதே வயர் என்றால் இழப்பு 2 வோல்ட்டைத் தாண்டும். தடித்த வயரில் ஒரு பக்க இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. 12 வோல்ட்டில் 2 வோல்ட் போவது பிரேக்கின் பிடியில் நேரடியாகத் தெரியும். சிறு மின்சாரமே எடுக்கும் விளக்குகளோ இரண்டு வயரிலும் ஒன்றுபோலவே எரியும்.

கழன்று விட்டால்

பிரேக்அவே அமைப்பில் டிரெய்லரிலேயே ஒரு சிறு பேட்டரியும், மெல்லிய கம்பிக்கயிற்றால் பிக்கப் வண்டியோடு இணைக்கப்பட்ட ஒரு சுவிட்சும் இருக்கும். டிரெய்லர் கழன்றால் கயிறு சுவிட்சின் பின்னை உருவிவிடும். டிரெய்லரின் பேட்டரி பிரேக்கைப் பிடிக்கச் செய்யும். குறைந்தது 15 நிமிடம் அது பிடித்திருக்க வேண்டும் என்பது விதி.

அந்தக் கயிற்றைக் கொக்கியிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ கட்டக் கூடாது. வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். வண்டியை நிறுத்தி வைக்கும் பிரேக்காகவும் இதனைப் பயன்படுத்தக் கூடாது. பேட்டரி தீர்ந்துவிடும், காந்தங்களும் சூடேறிக் கெடும்.

புறப்படும் முன் 4 சோதனைகள்

1. பிளக்கைச் செருகியபின் கருவியின் கைவிசையை அழுத்த வேண்டும். டிரெய்லர் சக்கரத்தருகே மெல்லிய ரீங்காரம் கேட்டால் காந்தத்துக்கு மின்சாரம் வருகிறது என்று பொருள். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

2. நீல வயரில் ஆம்பியர் மீட்டர் வைத்துக் கைவிசையை முழுமையாக அழுத்தினால் 2 காந்தங்களுக்குச் சுமார் 6 ஆம்பியர், 4 காந்தங்களுக்குச் சுமார் 12 ஆம்பியர் காட்ட வேண்டும். 4 சக்கரக் கேரவனில் 9 ஆம்பியர் மட்டும் காட்டினால் ஒரு சக்கரம் வேலை செய்யவில்லை என ஐயுறலாம்.

3. பிளக்கைக் கழற்றிவிட்டு பிரேக்அவே பின்னை உருவி, வண்டியை மிக மெதுவாக முன்னே நகர்த்த வேண்டும். டிரெய்லர் பிடித்து இழுக்க வேண்டும். சோதனை முடிந்ததும் பின்னை உடனே திரும்பச் செருக வேண்டும்.

4. ஆளில்லாத, சமதளமான, காய்ந்த சாலையில் மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் கைவிசையை மட்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். சக்கரம் இறுகிச் சறுக்கினால் கருவியின் அளவைக் குறைக்கவும். இழுப்பே தெரியாவிட்டால் கூட்டவும். சறுக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே இருப்பதே சரியான அளவு. சுமை மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அந்தக் கைவிசைக்கு இன்னொரு பயனும் உண்டு. நெடுஞ்சாலையில் கேரவன் பாம்பு போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கினால், வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது ஆட்டத்தை மோசமாக்கும். எண்ணெய் மிதிக்கட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டேரிங்கை நேராகப் பிடித்தபடி கைவிசையை மென்மையாக அழுத்தினால் டிரெய்லர் பின்னால் இழுக்கப்பட்டு நேராகும். நீல வயர் சரியாக இருந்தால் மட்டுமே அந்த உதவி கிடைக்கும்.

வயரிங் அனுபவம் இல்லாதவர்கள் இவ்வேலையை வாகன மின்பணியாளரிடம் ஒப்படைப்பதே நல்லது. ஆயினும் மேற்கண்ட சோதனைகளை வண்டியின் உரிமையாளரே செய்து பழகிக்கொள்ள வேண்டும். வாடகைக் கேரவன் எடுப்பவர்களும், விளக்குகளைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், கடையை விட்டுக் கிளம்பும் முன் கைவிசையை ஒருமுறை அழுத்தி டிரெய்லர் பிடிக்கிறதா என உறுதி செய்துகொள்ள வேண்டும்.