வட்ட மெனு

கணினித் திரையில் கர்சர் நிற்கும் இடத்தையே நடுவாகக் கொண்டு, செயலிகளையோ கட்டளைகளையோ சுற்றிலும் விரித்துக் காட்டுவது வட்ட மெனு. மேலிருந்து கீழே நீளும் மெனுவில் கடைசி வரியை எட்டக் கை வெகுதூரம் நகர வேண்டும். வட்டத்தில் எல்லாம் ஒரே தொலைவு. திசை மட்டுமே வேறு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நீல் வைஸ்மன் குழுவினர் உருவாக்கிய பிக்ஸி என்ற வரைகலை அமைப்பில், 1969இலேயே ஒளிப்பேனாவால் தேர்ந்தெடுக்கும் வட்ட மெனு இருந்தது. 1986இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டான் ஹாப்கின்ஸ் அதை எக்ஸ் சாளர அமைப்புக்குக் கொண்டுவந்தார். அவரும் ஜாக் காலஹன், மார்க் வைசர், பென் ஷ்னைடர்மன் ஆகியோரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மேலிருந்து கீழே நீளும் மெனுவைவிட 8 உருப்படிகள் கொண்ட வட்ட மெனுவில் தேர்வு நேரம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது. பால் ஃபிட்ஸ் 1954இல் கண்ட விதி இதற்குக் காரணம் சொல்கிறது: இலக்கு அருகிலும் அகலமாகவும் இருந்தால் கை விரைந்து எட்டும். வட்டத்தின் துண்டோ வெளியே போகப் போக அகன்றுகொண்டே போகிறது.

இந்த வரலாற்றில் மிகப் பெரிய பாய்ச்சல் டொராண்டோவில் நிகழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில் கோர்டன் குர்ட்டன்பாக், பில் பக்ஸ்டன் இருவரும் வடிவமைத்த முறையில், அழுத்திக் காத்திருப்பவருக்கு மெனு தெரியும். திசை பழகியவர் காத்திராமல் ஓர் இழுப்பு இழுத்தால் மெனு தோன்றாமலே வேலை நடந்துவிடும். புதியவர் பார்த்துச் செய்வதும் தேர்ந்தவர் பாராமல் செய்வதும் ஒரே கையசைவு என்பதால், பயன்படுத்துவதே பயிற்சியாகிறது. மாயா என்ற முப்பரிமாண மென்பொருளில் இது நிலைத்தது. 2000இல் வந்த தி சிம்ஸ் விளையாட்டு வட்ட மெனுவைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது.

லினக்ஸில் செயலிகளைத் திறக்கவென்று சைமன் ஷ்னீகன்ஸ் 2011இல் க்னோம்-பை நிரலை வெளியிட்டார். குறுக்குவிசையை அழுத்தினால் கர்சரைச் சுற்றிச் சின்னங்கள் விரியும். எக்ஸ் அமைப்புக்கு மாற்றாகப் பின்னர் பரவிய வேலேண்ட், கர்சர் இருக்குமிடத்தைச் சாதாரண நிரல்களுக்குச் சொல்வதில்லை. க்னோம்-பையின் அடிப்படையே அதனால் ஆட்டம் கண்டது. அவர் அடுத்து எழுதிய ஃப்ளை-பை, க்னோம் மேசைச்சூழலுக்குள்ளேயே நீட்சியாக இயங்கி இத்தடையைக் கடந்தது. அதற்கும் பின் வந்த கேண்டோ நிரலோ விண்டோஸ், மேக் கணினிகளிலும் இயங்குகிறது.

இவற்றை அமைக்கும்போது நிறையச் செயலிகளைத் திணிக்கும் ஆசை எழும். அது வட்டத்தின் பயனையே கெடுக்கும். ஒரு வட்டத்தில் 8 உருப்படிகள் என்றால், மெனுவுக்குள் மெனுவாக 2 அடுக்கு வரை, 4 என்றால் 4 அடுக்கு வரை பிழை மிகாது என்று குர்ட்டன்பாக், பக்ஸ்டனின் 1993ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மூலைவிட்டத் திசைகளைவிட மேல், கீழ், இடம், வலம் நான்கும் கைக்கு எளிது; ஆகவே அன்றாடம் திறக்கும் உலாவி, கோப்பு மேலாளர் போன்றவற்றுக்கு அவ்விடங்களே ஏற்றவை. ஃப்ளை-பை, கேண்டோ இரண்டிலும் ஓர் உருப்படியைக் குறித்த கோணத்தில் நிலைநிறுத்திவிடலாம். புதிய செயலி சேர்ந்தாலும் அது இடம்பெயராது.