ஷார்ப் சகோதரர்கள் டோக்கியோ வந்தபோது

1954 பிப்ரவரி 19 அன்று டோக்கியோவின் குராமாயே கொகுகிகான் அரங்கில் மூன்று நாள் மல்யுத்தத் தொடர் ஒன்று தொடங்கியது. ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தம் வேர்பிடித்தது அதில்தான். ஒரு பக்கம் ரிக்கிடோசானும் மசாஹிக்கோ கிமுராவும். எதிரே பென், மைக் என்ற ஷார்ப் சகோதரர்கள். சகோதரர்கள் கனடாவின் ஹாமில்டன் ஊர்க்காரர்கள். ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் உலக இரட்டையர் பட்டம் வென்று வந்தவர்கள் என்பதால் ஜப்பானியர் அவர்களை அமெரிக்கர்களாகவே பார்த்தார்கள். போரில் தோற்ற நாட்டை அமெரிக்கப் படை ஆண்டு, விட்டுப் போய் இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது.

இரட்டையர் சண்டையின் விதி எளியது. அணிக்கு ஒருவர் மோத, கூட்டாளி கயிற்றுக்கு வெளியே மூலையில் நிற்பார். கையோடு கை தட்டினால்தான் ஆள் மாறலாம். இந்த விதியை மீறுவதில்தான் சுவாரசியமே இருந்தது. எதிரியைத் தங்கள் மூலைக்கு இழுத்துப்போய், நடுவர் முகம் திரும்பிய நொடியில் இருவரும் சேர்ந்து அடிப்பார்கள். அடி வாங்கியவர் தரையில் ஊர்ந்து வருவார். கூட்டாளியின் விரலுக்கும் அவர் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது காலைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிடுவார்கள். பிறகு எப்படியோ கை தட்டிவிட்டால் அரங்கமே எழுந்து நிற்கும். முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததுதான். ஆனால் உடம்பில் விழுந்த அடி நிஜம்.

உயரத்தில் ரிக்கிடோசான் சகோதரர்களைவிடக் குறைந்தவர். முன்னாள் சுமோ வீரர். செகிவாக்கே என்ற உயர்நிலை வரை ஏறி, 1950இல் சுமோவை விட்டவர். உள்ளே நுழைந்ததும் விரித்த கையின் விளிம்பால் எதிரியின் மார்பில் வெட்டுவதுபோல் அடிப்பார். ‘கராத்தே சாப்’ என்று பெயர் பெற்ற அந்த அடியில் நெடிய வெள்ளைக்காரர் பின்வாங்கித் தடுமாறுவதைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. ரிக்கிடோசான் கொரியாவில் பிறந்தவர் என்பது ரசிகர்களிடம் மறைக்கப்பட்டிருந்தது.

சண்டையை நாடு முழுக்கப் பேசவைத்தது தொலைக்காட்சி. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1953 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியபோது மொத்தச் சந்தாதாரர்கள் 866 பேர். உள்நாட்டுப் பெட்டி ஒன்றின் விலையே 175,000 யென். சம்பளக்காரருக்கு எட்டாத தொகை. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய நிப்பான் டெலிவிஷன் விளம்பர வருமானத்தை நம்பிய நிறுவனம். பெட்டி வாங்க ஆளில்லாவிட்டால் விளம்பரம் கிடைக்காது. அதன் நிறுவனர் மட்சுதாரோ ஷோரிகி, ரயில் நிலைய வாசல்களிலும் பூங்காக்களிலும் பெட்டிகளை நிறுத்தினார். ஷார்ப் சகோதரர்களின் சண்டையைக் காண ஷிம்பாஷி நிலையத்தின் முன் மட்டும் சுமார் 20,000 பேர் கூடியதாகச் சொல்வார்கள். பெட்டியின் சிறு திரை, கடைசி வரிசையில் நின்றவருக்கு வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கும். முதல் நாள் சண்டையில் அணிக்கு ஒரு சுற்று கிடைத்தது. நேரம் முடிந்துவிட, சமன்.

இந்தக் கதையில் அதிகம் இழந்தவர் கிமுரா. அவர் சாதாரண ஆள் அல்ல. ஜூடோவில் ஈடு இணையற்றவர், 1951இல் பிரேசிலின் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசியை வென்றவர். இரட்டையர் சண்டையிலோ அடி வாங்கி விழ ஒருவர், மீட்க வர ஒருவர் வேண்டும். மீட்பவர் எப்போதும் ரிக்கிடோசான். விழுபவர் பெரும்பாலும் கிமுரா. உண்மையாக மோதினால் தாமே வெல்வதாக அவ்வாண்டின் இறுதியில் அவர் பத்திரிகைக்குச் சொன்னார். டிசம்பர் 22 அன்று குராமாயே கொகுகிகான் அரங்கில் இருவரும் மோதினார்கள். சமனில் முடிப்பதாகத்தான் பேச்சு என்று கிமுரா பின்னாளில் சொன்னார். ரிக்கிடோசானின் அடிகள் நடுவழியில் நிஜமாகவே இறங்கின. சுமார் 16 நிமிடத்தில் கிமுரா இரத்தத்தோடு தரையில் கிடந்தார்.

1956இல் ஷார்ப் சகோதரர்கள் மீண்டும் வந்தார்கள். அந்த மே மாதம் ஒசாகாவில் ரிக்கிடோசான் அவர்களிடமிருந்து உலக இரட்டையர் பட்டத்தைப் பறித்தபோது, கிமுரா நின்ற மூலையில் கொகிச்சி எண்டோ நின்றிருந்தார்.