அரபு ஆய்வேடுகளில் நன்றியுரை மரபு

அரபு மொழியில் எழுதப்பெறும் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தொடக்கத்தில் பெரும்பாலும் இரண்டு தனிப் பக்கங்கள் அமைந்திருக்கும். ஒன்று ‘இஹ்தா’ எனும் காணிக்கை. பெற்றோருக்கும் குடும்பத்தாருக்கும் உரியது. மற்றது ‘ஷுக்ர்’ எனும் நன்றியுரை. இது இறைவனிடமிருந்தே தொடங்கும். சுலைமான் நபி (அலை) அவர்களின் நன்றிப் பிரார்த்தனை இடம்பெறும் அந்நம்ல் அத்தியாயத்தின் 19ஆம் வசனத்தைப் பலர் முகப்பில் பொறிப்பர். பின்னரே வழிகாட்டிப் பேராசிரியர், தேர்வுக்குழுவினர், பல்கலைக்கழகம் என்று வரிசை தொடரும்.

ஹாங்காங் மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய 240 ஆய்வேடுகளின் நன்றியுரைகளை ஆராய்ந்து, கென் ஹைலண்ட் 2003, 2004ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். அங்கே கல்வி உதவி, பொருளுதவி, மனத்துணை ஆகியவற்றுக்கான நன்றியே மையம். எஞ்சிய பிழைகள் தம்முடையவையே என்று சிலர் முடிப்பதும் உண்டு. அரபு மாணவரோ, தம்மை இன்னும் தேர்வு செய்யாத குழுவினருக்கு முன்கூட்டியே நன்றி நவில்கிறார். பிறர் இதை முகத்துதி என்று ஐயுறக்கூடும். அவருக்கோ இது அதப், அதாவது அவையொழுக்கம். எனினும் அந்த ஐயத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது.

ஏனெனில் முகத்துதி நம் நூல் மரபுக்குப் புதிதன்று. பழைய அரபு நூல்கள் ஹம்து, ஸலவாத்துக்குப் பின் ‘அம்மா பஃது’ என்று பொருளுக்குள் புகும். அந்த முகப்பில் புரவலர் பெயருக்கும் இடமிருந்தது. அல்ஜாஹிழ் தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலை அமைச்சர் இப்னுஸ் ஸய்யாத்துக்குக் காணிக்கையாக்கி 5,000 தீனார் பெற்றதாகக் கூறுவர். அவ்வமைச்சர் ஹிஜ்ரி 233இல் வீழ்ந்து மாண்டார். ‘அல்பயான் வத்தப்யீன்’ நூலோ, அவருடைய எதிரியான காழி இப்னு அபீ துஆதுக்கு அர்ப்பணிக்கப்பட்டது! இவ்வகையில் நம் நன்னூலார் வகுத்த முறை தூயது: சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் அல்லாத பிறரே பாடுவர்.

ஆயின் அரபு அறிஞர்களின் மெய்யான நன்றி முகவுரையில் இல்லை; இஸ்னாதில் இருக்கிறது. யாரிடமிருந்து பெற்றோம் என்பதைப் பெயர் சுட்டிக் கூறுவதே அவர்களுக்குக் கடன் தீர்த்தலாக இருந்தது. ஹிஜ்ரி 671இல் மறைந்த இமாம் குர்துபீ, கூற்றுகளை உரியவரிடமே சேர்ப்பதைத் தம் தஃப்ஸீரின் நிபந்தனையாக முன்னுரையில் அறிவித்தார். அது கல்வியின் பரக்கத் என்பது அறிஞர் கொள்கை. திமிஷ்கில் ஹிஜ்ரி 6, 7ஆம் நூற்றாண்டுகளில் வாசிக்கப்பெற்ற ஏடுகளின் ஓரங்களிலும் இறுதியிலும் ‘ஸமாஉ’ப் பதிவுகள் நிறைந்துள்ளன. வாசித்தவர், செவியுற்றவர், உடனிருந்த சிறுவர், நாள், இடம் யாவும் அவற்றில் உண்டு.

இன்றைய ஆய்வேட்டில் நன்றிப் பக்கம் நீள்கிறது, அடிக்குறிப்போ மெலிகிறது. ஆசிரியரை ‘அறிவுக்கடல்’ என்று போற்றும் மாணவர், அவர் வகுப்பில் சொன்ன கருத்தை நாலாம் இயலில் பெயர் சுட்டாமல் எடுத்தாள்கிறார். முதற்செய்கை அவையொழுக்கம் ஆகலாம். இரண்டாவதற்குக் குர்துபீயின் நிபந்தனையில் இடமில்லை.