மக்காச்சோளப் படைப்புழு
மக்காச்சோளப் படைப்புழு (ஸ்போடாப்டெரா ஃபுருகிபெர்டா) அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட, தானியப் பயிர்களை அழிக்கும் அயல் பூச்சி. செதில் சிறகிகள் வரிசையில் நாக்டுயிடே குடும்பத்தைச் சேர்ந்தது. புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' வடிவக் கோடும், எட்டாம் வயிற்றுக் கண்டத்தில் சதுரமாக அமைந்த 4 கரும்புள்ளிகளும் இதன் அடையாளங்கள்.

தாய் அந்துப்பூச்சி இலைகளில் குவியலாக முட்டையிடும். புழு 6 பருவங்களைக் கடந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். இளம்புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டும். வளர்ந்த புழு குருத்துக்குள் புகுந்து கழிவை நிரப்பி, பின்னர்க் கதிரையும் தின்னும். சோளம், கரும்பு, நெல் முதலியனவும் இதற்கு உணவாகும்.

2016இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதம் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் பரவியது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை இறக்குமதிகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் ஒரே இரவில் ஏறத்தாழ 100 கி.மீ. பறக்கவல்ல அந்துப்பூச்சிக்குத் துறைமுகச் சோதனை மட்டும் தடையாகாது. வயல் கண்காணிப்பே முதன்மையானது.

கோடை உழவு, அடியுரமாக வேப்பம்புண்ணாக்கு, விதைநேர்த்தி, வரப்பில் தட்டைப்பயறு அல்லது எள், இனக்கவர்ச்சிப் பொறி, டெலினோமஸ் ரீமஸ் முட்டை ஒட்டுண்ணி, மெட்டாரைசியம் பூஞ்சாணம் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. குருத்துக்குள் படாத மருந்துத் தெளிப்பு பெரிதும் பயனளிப்பதில்லை.