வெக்கை நோயும் எங்கள் வீட்டு ஜோடி மாடும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். 1987-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். இப்போது நாலு கறவை மாடு வைத்திருக்கிறான். "சார், கோமாரி ஊசி போட வர்றாங்களாம். போட்டா ரெண்டு மூணு நாள் பால் குறையுது. இந்தத் தடவை வேணாம்னு சொல்லிடலாமான்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

"நான் சரித்திர வாத்தியார்டா, மாட்டு டாக்டர் இல்லை. ஆனாலும் உனக்கு ஒரு சரித்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது, எழுதி அனுப்புகிறேன்" என்றேன். அதுதான் இது. அவனுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

உங்களில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்கள் 'வெக்கை' என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டீர்கள். மாட்டுக்கும் எருமைக்கும் வரும் நச்சுயிரி நோய். முதலில் கடுமையான காய்ச்சல். பிறகு கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும், வாய்க்குள் புண் வரும், தீனி எடுக்காது. அதன்பின் நாற்றத்தோடு கழிச்சல். பத்து நாளுக்குள் பெரும்பாலும் மாடு முடிந்துவிடும். எங்கள் ஆயா அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார். "மாட்டுக்கு வந்துச்சே, அது" என்றுதான் சொல்வார்.

1962. எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது. ஊசி போடுகிறவர்கள் ஊருக்கு வந்தார்கள். மந்தைவெளியில் எல்லோரும் மாட்டைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். உழவு நேரம். ஊசி போட்டால் மாட்டுக்குக் காய்ச்சல் வரும், ஒரு வாரம் ஏர் பூட்ட முடியாது என்று ஊருக்குள் பேச்சு. அப்பா இரண்டு மாட்டையும் கரும்புக் கொல்லைக்குள் ஓட்டிப்போய்க் கட்டிவிட்டார். காவலுக்கு என்னைத்தான் உட்கார வைத்தார். எங்களைப் போல இன்னும் நாலைந்து வீட்டார் செய்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வெக்கை வந்தது. வலத்து மாடு எட்டாம் நாள் செத்தது. இடத்து மாடு அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் விடியும் முன் அப்பா அதை சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசினார். வாங்கியவர் எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு நான் பூசிய நீல வண்ணம் கொம்பில் அப்படியே இருந்தது.

அந்த மாட்டுக்குள் நோய் இருந்ததா, அது போன ஊரில் என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா கெட்ட மனிதர் இல்லை. கடன் இருந்தது. செத்த மாட்டுக்கு யாரும் காசு தர மாட்டார்கள். உயிரோடு இருக்கும் மாடும் செத்துப்போனால் நிலத்தையே விற்க வேண்டியதுதான்.

இனி நாட்டின் சரித்திரத்துக்கு வருகிறேன்.

இந்த நோயை எப்படி அடக்குவது என்று ஐரோப்பாவில் 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1714-இல் இங்கிலாந்தில் நோய் வந்தபோது, அரசரின் மருத்துவர் தாமஸ் பேட்ஸ் நோய் கண்ட மாடுகளை விலை கொடுத்து வாங்கிக் கொல்லச் சொன்னார். இழப்பீடு கிடைத்ததால் மக்கள் மறைக்கவில்லை. சில மாதங்களில் நோய் அடங்கிற்று. அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அந்த இழப்பீடுதான்.

இந்தியாவில் அந்த வழி நடக்காது. மாட்டைக் கொல்ல மக்கள் சம்மதிக்க மாட்டார்கள். கோடிக்கணக்கான மாடுகளுக்கு இழப்பீடு கொடுக்க வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு மனமும் இல்லை. சட்டம் மட்டும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1866-லேயே மாட்டு நோய்ச் சட்டம் உண்டு. இந்திய மாட்டுக் கொள்ளை நோய்கள் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை 1871-இல் வந்தது. 1889-இல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கி, 1893-இல் அதை இமயமலைப் பக்கம் முக்தேஸ்வருக்கு மாற்றினார்கள். ஆபத்தான கிருமிகளோடு வேலை செய்வதால், ஊர்களை விட்டுத் தள்ளி, குளிர்ந்த மலைமேல் வைத்தார்கள். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் அதுதான்.

முதலில் கிடைத்தது சீரம். நோய் கண்டு பிழைத்த மாட்டின் இரத்தத்திலிருந்து எடுப்பது. அதன் காப்பு சில நாட்களுக்குத்தான். நம் ராணிப்பேட்டையில் 1932-இல் சீரம் தயாரிக்கத் தொடங்கிய நிலையம்தான் இன்றும் தடுப்பு மருந்து தயாரித்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அந்த மதில் சுவரைப் பார்த்திருப்பீர்கள்.

1920-களில் முக்தேஸ்வரில் ஜே.டி. எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை நச்சுயிரியைத் தொடர்ந்து ஆடுகளுக்குள் செலுத்திச் செலுத்தி வளர்த்தார். பல சுற்றுக்குப் பின் அது மாட்டைக் கொல்லும் வலுவை இழந்தது, ஆனால் எதிர்ப்புச் சக்தியைத் தந்தது. ஒரே ஊசி, நீண்ட காலக் காப்பு. அதை வைத்துத்தான் சுதந்திர இந்தியா 1954-இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நூற்றுக்கு 80 மாடுகளுக்காவது ஊசி போட்டுவிட வேண்டும் என்பது இலக்கு. 1962-இல் எங்கள் மந்தைவெளிக்கு வந்தவர்கள் அந்தத் திட்டத்தின் ஆட்கள்தான் என்பது நான் பெரியவனாகிப் படித்தபோதுதான் புரிந்தது.

நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒழியவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் இழுத்தது. மருந்து நல்ல மருந்து, ஊசி போட்டவர்களும் உழைத்தார்கள். பின் ஏன்?

ஊசி போடாமல் விட்டுப்போன மாடுகளில்தான் நோய் தங்கியிருந்தது. ஆண்டுதோறும் புதுக் கன்றுகள் பிறந்துகொண்டே இருக்கும். ஊர் ஊராக மாடு ஓட்டிப் போகிறவர்கள் கணக்கில் வருவதில்லை. சந்தையில் இன்று நிற்கும் மாடு மறுநாள் அடுத்த மாநிலத்தில் நிற்கும். கரும்புக் கொல்லைக்குள் கட்டிய மாடும் அந்தக் கணக்கில்தான் சேரும். தென்னிந்தியாவில் நோய் கடைசிவரை நீடித்தது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வெக்கை போலவே ஒரு நோய் வரும். அதையும் வெக்கை என்றே எழுதிவந்தார்கள். 1987-இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் செத்த ஆடுகளைச் சோதித்தபோதுதான் அது வேறு நோய், ஆட்டுக்கொல்லி நோய், என்று இந்தியாவில் முதல் முறையாக உறுதியானது. எதிரி யார் என்று தெரியாமல் போர் நடந்திருக்கிறது பாருங்கள்.

அதே 1987-இல் இலங்கைக்கு வெக்கை போனது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கப்பலில் அனுப்பிய ஆடுகளோடு போனது. பல பத்தாண்டுகளாக அந்த நோயே இல்லாத தீவு அது. போரில் நொந்துபோயிருந்த மக்களின் மாடும் எருமையும் அதில் செத்தன. இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. அங்கே நோய் பரவி, ஐரோப்பா நடுங்கிப்போனது. அதன் விளைவாக 1924-இல் 28 நாடுகள் பாரிஸில் கூடி, கால்நடை நோய்களுக்காக ஓர் உலக அமைப்பை ஏற்படுத்தின. எங்கே நோய் வந்தாலும் மறைக்காமல் மற்ற நாடுகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. அப்பாவிடம் யாரும் சொல்லாத விதி.

1990-களில் இந்தியா வழியை மாற்றியது. ஐரோப்பியச் சமூகத்தின் உதவியோடு 1992-இல் புதுத் திட்டம் வந்தது. கண்மூடித்தனமாக ஊசி போடுவதோடு நிற்காமல், நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார்கள். நாட்டை மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஊர் ஊராகப் போய், "வாய்ப்புண்ணும் கழிச்சலுமாக மாடு ஏதாவது செத்ததா?" என்று கேட்டார்கள். மாடுகள் நடந்துபோகும் தடங்களிலும் தேடினார்கள்.

இந்தியாவின் கடைசி வெக்கை 1995-இல் நம் தமிழ்நாட்டில்தான் கண்டது.

அதன்பிறகு செய்ததுதான் மிகவும் துணிச்சலான காரியம். ஊசி போடுவதையே நிறுத்தினார்கள். கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. ஊசி போட்ட மாட்டின் இரத்தமும் நோய் கண்டு பிழைத்த மாட்டின் இரத்தமும் சோதனையில் ஒரே மாதிரி இருக்கும். எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் போய்விட்டதா, உள்ளே பதுங்கியிருக்கிறதா என்று தெரியாது. ஊசியை நிறுத்திவிட்டு, ஆண்டுக்கணக்கில் இரத்தம் எடுத்துச் சோதித்து, ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கோ ஒருவர் மறைத்திருந்தால் மொத்த நாடும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். யாரும் மறைக்கவில்லை. 2004-இல் இந்தியா வெக்கை நோய் இல்லாத நாடாகவும், 2006-இல் அந்தத் தொற்றே இல்லாத நாடாகவும் உலக அமைப்பின் அங்கீகாரம் பெற்றது.

2011-இல் உலகத்திலிருந்தே வெக்கை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதன் ஒழித்த நோய்களில் பெரியம்மைக்கு அடுத்தது இது. நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டும் அதுதான். பள்ளிக்கூடத்தில் சால்வை போட்டு அனுப்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. அதை வெட்டி எடுத்து அப்பா படத்துக்குப் பின்னால் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கோமாரியை அடக்க 2019-இல் மத்திய அரசு பெரிய திட்டம் தொடங்கியிருக்கிறது. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை போடுகிறார்களே, அது விட்டுப்போகும் மாடு எது என்று தெரிவதற்காகத்தான். கோமாரி ஊசியின் காப்பு நீடிக்காது, அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். ஊசி போட்டால் சில நாள் பால் குறையலாம், உண்மை. கோமாரி வந்தால் அந்தக் கறவையே போய்விடும், பால் குடிக்கும் கன்று செத்துப்போகும்.

2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தோல் கழலை நோய் வந்து, சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. புது நோய் வரும்போது அரசாங்கத்துக்கு முதலில் தெரிவது ஆய்வுக்கூடத்திலிருந்து அல்ல. யாரோ ஒரு விவசாயி தன் கொட்டகையில் பார்த்துச் சொல்வதிலிருந்துதான். தொற்று நோய் கண்டால் கிராம அதிகாரியிடமோ பஞ்சாயத்திலோ தெரிவிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். எங்கள் வீட்டுக்கு வெக்கை வந்த ஆண்டும் 1962 என்பதால் எனக்கு அந்த எண் மறக்காது.

ஆனால் சொல்கிறவனுக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் கடமை. மாடு செத்தால் ஈடு கிடைக்கும் என்று நம்பினால் யாரும் விடியும் முன் சந்தைக்கு ஓட்டமாட்டார்கள். உங்களில் அரசு வேலையில் இருக்கிறவர்கள், பால் சங்கத்தில் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

தம்பி, ஊசி போட்டுக்கொள். மாட்டுக்கு ஏதாவது சுகமில்லை என்றால் முதலில் டாக்டரிடம் சொல், சந்தைக்குக் கொண்டுபோகாதே. ஒருவாரப் பால் காசை நினைத்து மாட்டை மறைத்துக் கட்டாதே. காவலுக்கு உன் பையனை உட்கார வைக்காதே.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வெக்கை பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதைக் கீழே எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்